தேனீயின் வயிற்றிலுள்ள இரும்புத் துகள்கள் உண்மையிலேயே திசைகாட்டிதானா?

வழித்தேடி கேட்கிறார்:

வணக்கம். தேனீயின் வயிற்றுப் பகுதியில் மாக்னடைட் என்னும் காந்தக் கனிமம் இருக்கிறது, அதன் துணையோடுதான் அது திசையறிந்து கூடு திரும்புகிறது என்று பல கட்டுரைகளில் படித்திருக்கிறேன். எறும்பு, கறையான், கரப்பான், அந்துப்பூச்சி என்று எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே விளக்கத்தையே தருகிறார்கள். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த விளக்கம், சற்று யோசிக்கத் தொடங்கியதும் எனக்குப் பிடிபடாமல் நழுவுகிறது.

புவியின் காந்தப் புலம் மிகவும் வலுவற்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளை அது எப்படி அசைக்கும்? அசைத்தாலும் அந்த அசைவு நரம்புக்கு எப்படிப் போய்ச் சேரும்? இதைவிட அடிப்படையான ஐயம் ஒன்றும் உண்டு. நம் இரத்தத்திலும் இரும்பு இருக்கிறது, கல்லீரலிலும் இருக்கிறது. அதற்காக நாம் வடக்கை உணர்வதில்லை. அப்படியிருக்க, ஒரு பூச்சியின் உடலில் இரும்பு கிடைத்தது என்பதிலிருந்து அது காந்தத்தைக் கொண்டு வழியறிகிறது என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள்? இத்துறையை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாறைக்காந்தம் பதிலளிக்கிறார்:

உங்கள் கடைசி ஐயம்தான் இத்துறையின் மையமே. அதற்குப் போவதற்கு முன் இயற்பியலை முடித்துவிடுவோம், ஏனெனில் அதில் குழப்பம் குறைவு.

புவிக்காந்தப் புலம் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் சிறு காந்தம்கூட இதைப்போல் நூறு மடங்கு வலிமை உடையது. இவ்வளவு மெல்லிய புலத்துக்குள் 50 நானோமீட்டர் பக்கமுள்ள ஒரு மாக்னடைட் படிகத்தை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். புலம் அதைத் திருப்ப முயலும் ஆற்றல், சாதாரண வெப்பநிலையில் மூலக்கூறுகளின் ஓயாத மோதலால் அதற்குக் கிடைக்கும் வெப்ப ஆற்றலில் முக்கால் பங்குதான் வரும். அதாவது தனித்த ஒரு படிகம் வடக்கை நோக்கி நிலையாக நிற்காது. குடிகாரனைப் போலத் தள்ளாடிக்கொண்டே இருக்கும். ஆனால் இருபது படிகங்களை ஒரே வரிசையில், காந்த முனைகள் ஒரே பக்கம் பார்க்கும்படி கோத்துவிட்டால், அவற்றின் திருப்பு விசைகள் ஒன்றாகச் சேர்ந்து வெப்ப ஆற்றலைப்போல் பதினைந்து மடங்கு ஆகிவிடும். அப்போது அந்தச் சங்கிலி உறுதியாகத் திசை காட்டும்.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. ரிச்சர்ட் பிளேக்மோர் 1975இல் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் காந்தப் புலத்தின் கோடுகளைப் பின்பற்றி நீந்துவதை விவரித்தார். அவற்றின் உடலுக்குள் மாக்னடைட் படிகங்கள் சங்கிலியாகவே அடுக்கப்பட்டிருந்தன. படிகங்களின் அளவும் நாம் எதிர்பார்க்கும் எல்லைக்குள்தான் இருந்தது. சுமார் 30 நானோமீட்டருக்குக் கீழே போனால் துகளின் காந்தத் திசை தானாகவே புரண்டுகொண்டிருக்கும். அதை மிகைப் பாராகாந்த நிலை என்பார்கள். மிகப் பெரிதானாலோ துகளுக்குள்ளேயே பல காந்தப் பகுதிகள் தோன்றி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இடைப்பட்ட குறுகிய அளவில்தான் ஒரு துகள் முழுவதும் ஒரே காந்தமாக இருக்கும். பாக்டீரியா சரியாக அந்த அளவிலேயே படிகத்தை வளர்ப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

இனித் தேனீ. இங்கே முதலில் வந்தது துகளல்ல, நடத்தை. உணவு இருக்கும் திசையைக் கூட்டிலுள்ள மற்றத் தேனீக்களுக்கு உணர்த்த, ஒரு தேனீ செங்குத்தான அடையின் மீது உடலை ஆட்டி ஆடும் நடனத்தின் பொருளைக் கார்ல் ஃபான் ஃபிரிஷ் கண்டறிந்தார் என்பது பலருக்கும் தெரியும். சூரியனுக்கும் உணவுக்கும் இடையிலுள்ள கோணத்தை, தேனீ இருட்டில் புவியீர்ப்புத் திசைக்கும் தன் நடனத் திசைக்கும் இடையிலுள்ள கோணமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த மாற்றத்தில் ஒரு சிறு பிழை எப்போதும் இருந்தது. பிழை ஏனோதானோவென்று இல்லாமல், நாளின் நேரத்தோடு ஒழுங்காக மாறிக்கொண்டிருந்தது. கூட்டைச் சுற்றிக் கம்பிச்சுருள்களை வைத்து மின்னோட்டம் செலுத்திப் புவியின் புலத்தை ஏறத்தாழ இல்லாமல் செய்தபோது அந்தப் பிழை மறைந்துவிட்டதாக மார்ட்டின் லிண்டாவரும் மார்ட்டின் என்ற பெயருடைய அவருடைய உடனாய்வாளரும் 1968இல் தெரிவித்தார்கள். தேனீ சரியாகச் செய்வதிலிருந்து அல்லாமல், அது தவறு செய்யும் விதத்திலிருந்து அதன் புலனைக் கண்டுகொண்டார்கள் என்பதால் இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது.

பத்தாண்டு கழித்து, 1978இல், ஜேம்ஸ் கூல்ட், ஜோசப் கிர்ஷ்விங்க், கென்னத் டெஃபேயஸ் ஆகியோர் தேனீயின் உடலில் நிலைத்த காந்தத் தன்மை இருப்பதை அளந்து காட்டினார்கள். அது வயிற்றுப் பகுதியில் இருந்தது. ஆக, நடத்தைக்கு ஒரு சான்று, பொருளுக்கு ஒரு சான்று. இரண்டையும் இணைக்கும் கம்பியைத்தான் அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எறும்புப்புற்று பதிலளிக்கிறார்:

தேனீயைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லப்பட்டுவிட்டது. துகளுக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பைப் பொறுத்தவரை எறும்புகள் இன்னும் தெளிவான ஒரு வாய்ப்பைக் காட்டுகின்றன என்பது என் கருத்து.

பிரேசிலில் பாக்கிகோண்டைலா மார்ஜினாட்டா என்ற எறும்பு இனம் இருக்கிறது. கறையானை வேட்டையாடி உண்ணும் இது அவ்வப்போது கூட்டத்தோடு இடம்பெயரும். அந்த இடப்பெயர்வுப் பாதைகளை ஆண்டின் ஒரு பருவத்தில் அளந்தபோது அவை காந்த வடக்கு–தெற்கு அச்சிலிருந்து சுமார் 13 பாகை விலகிய ஒரு திசையைச் சுற்றியே அமைந்திருந்தன. பின்னர் உடலின் பகுதிகளைத் தனித்தனியே பிரித்து அளந்தார்கள். வயிற்றைவிடவும் தலையைவிடவும் உணர்கொம்புகளில்தான் காந்தக் குறிகை மிகுந்திருந்தது. 2010இல் வெளியான நுண்ணோக்கி ஆய்வு, உணர்கொம்பின் மூட்டுப் பகுதிகளில், ஜான்ஸ்டன் உறுப்பு உட்பட, மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள் தங்கியிருப்பதைக் காட்டியது.

ஜான்ஸ்டன் உறுப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் இதன் முக்கியத்துவம் புரியும். பூச்சியின் உணர்கொம்பு காற்றாலோ ஒலியாலோ புவியீர்ப்பாலோ சற்றே வளைந்தாலும் அந்த வளைவை நரம்புத் துடிப்பாக மாற்றுவது இவ்வுறுப்புதான். ஆகவே துகள்கள் அங்கே இருந்து, புலம் அவற்றைச் சிறிது இழுத்தால், புதிதாக ஓர் உறுப்பைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை; ஏற்கெனவே இருக்கும் உறுப்பே அதையும் உணர்ந்துகொள்ளும். வழித்தேடி கேட்ட “நரம்புக்கு எப்படிப் போய்ச் சேரும்” என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை இதைவிடச் சிக்கனமான விடை வேறில்லை.

இன்னொரு செய்தி: அத்துகள்களோடு அலுமினியமும் சிலிக்கனும் கலந்த கனிமங்களும் காணப்பட்டன. அதாவது அவை எறும்பின் உடல் உண்டாக்கியவையல்ல, மண்ணிலிருந்து வந்தவை என்று எண்ண இடமிருக்கிறது. அட்டா கொலம்பிகா என்னும் இலைவெட்டி எறும்பிலும் இதே கருத்து எழுந்தது. வலிய காந்தத் துடிப்பு ஒன்றைக் கொடுத்தபின் இவ்வெறும்புகள் கூட்டின் திசையைத் தவறவிட்டன என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. மண்ணோடு தொடர்புள்ள எறும்புகளையும் தொடர்பில்லாதவற்றையும் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு, உணர்வுக்கான துகள்களை அவை மண்ணிலிருந்தே பெறுகின்றன என்ற கருத்துக்கு ஆதரவாக அமைந்தது.

வழித்தேடி எழுதுகிறார்:

இருவருக்கும் நன்றி. மண்ணிலிருந்து வந்த துகள் என்றதும் என் ஐயம் குறையவில்லை, கூடிவிட்டது. மண்ணுக்குள்ளேயே வாழும் எறும்பின் கொம்பில் மண் துகள் ஒட்டியிருப்பதில் என்ன வியப்பு? அது உறுப்பா, அழுக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐயவாதி பதிலளிக்கிறார்:

நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. எறும்புப்புற்று அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்ன பொறிமுறை அழகானது என்பதை ஏற்கிறேன், ஆனால் அழகு சான்றாகாது.

தேனீயின் கதையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1982இல் தேனீயின் வயிற்றின் ஒவ்வொரு வளையப் பகுதியிலும் பட்டையாக அமைந்த, இரும்பு நிறைந்த உயிரணுக்களைக் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்த இடத்திலேயே அவை இருந்தன. ஆனால் உள்ளே இருந்த மணிகளை ஆராய்ந்தபோது அவை பெரும்பாலும் நீரேறிய இரும்பு ஆக்சைடுகளாக இருந்தன. அதாவது துருவுக்கு உறவினர்களே தவிர மாக்னடைட் அல்ல. உடலில் மிகுந்துவிட்ட இரும்பை ஒதுக்கிவைக்கும் கிடங்கு என்றே அவற்றைக் கொள்ளவும் இடமிருந்தது. 1994இல் வேறொரு குழு, அம்மணிகளுக்குள் மிகைப் பாராகாந்த மாக்னடைட்டைக் கண்டதாக அறிவித்தது. மறு ஆண்டே அதே இதழில் மறுப்புகள் வரிசையாக வெளிவந்தன.

இரும்பைத் தேடும் முறையிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. பிரஷ்யன் நீலம் என்ற சாயம் திசுவிலுள்ள இரும்பை நீலமாகக் காட்டும். அந்த நீலம் இரும்பு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அது காந்தமா, ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதமா, பழைய உயிரணுக்களைத் தின்று செரிக்கும் அணுவின் வயிற்றுக்குள் கிடக்கும் எச்சமா என்று சொல்லாது. இதனால் பூச்சிகளுக்கு வெளியே நடந்த ஒரு பெரிய சறுக்கலை நினைவூட்டுகிறேன். புறாவின் அலகில் இரும்பு நிறைந்த நரம்பு முனைகள் இருக்கின்றன, அதுவே அதன் திசைகாட்டி என்று பல ஆண்டுகள் பாடநூல்கள்வரை எழுதப்பட்டது. 2012இல் அவற்றை மீண்டும் கவனமாக ஆராய்ந்தவர்கள், அவை நரம்பணுக்களே அல்ல, மேக்ரோஃபேஜ் எனப்படும் துப்புரவு அணுக்கள் என்று காட்டினார்கள்.

பிறகு ஆய்வகத் தூசு. எஃகுக் கத்தியால் ஒரு திசுவை வெட்டினாலே நானோமீட்டர் அளவு இரும்புத் துணுக்குகள் அதில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் மிதக்கும் தூசியிலும் மாக்னடைட் உண்டு. அதனால்தான் இத்துறையில் கவனமாக வேலை செய்பவர்கள் கண்ணாடி அல்லது பீங்கான் கத்தியைப் பயன்படுத்துகிறார்கள். வடிகட்டிய காற்றுள்ள அறையில், காந்தக் கவசத்துக்குள் அளவிடுகிறார்கள். பழைய ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த முன்னெச்சரிக்கைகள் கடைப்பிடிக்கப்பட்டன என்று யாராலும் உறுதி கூற இயலாது.

இத்தனைக்கும் மேலாக, உங்கள் கேள்விக்கு நேரான விடை தருவது கரப்பான் பூச்சி. அமெரிக்கக் கரப்பான்களை வலிய காந்தத்தின் அருகில் வைத்துக் காந்தமேற்றிப் பின் அந்தக் காந்தத் தன்மை எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்று 2018இல் வெளியான ஆய்வொன்று அளந்தது. உயிருள்ள கரப்பானில் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, சராசரியாகச் சுமார் 50 நிமிடத்தில் தேய்ந்தது. செத்த கரப்பானிலோ இரண்டு நாள்கள்வரை நீடித்தது. உயிருள்ள உடலில் துகள்கள் பாகு போன்ற ஊடகத்தில் மெல்லப் புரண்டு திசை குலைகின்றன, இறந்தபின் அந்த ஊடகம் இறுகிவிடுகிறது என்பது விளக்கம். சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2019இல் இதற்குக் கிடைத்தது. சிரித்துவிட்டுப் போகிறவர்கள் சிந்திக்கும் பகுதியைத் தவறவிடுகிறார்கள். அவ்வளவு பாகான ஊடகத்தில் கிடக்கும் துகள் புவியின் மெல்லிய புலத்துக்கு ஏற்ற வேகத்தில் திரும்ப முடியாது. ஆகவே இத்துகள்கள் திசைகாட்டியாக இருக்க வாய்ப்பில்லை என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆனால் கரப்பான் காந்தப் புலத்தை உணராத பூச்சியும் அல்ல. புலத்தைச் சுழற்றினால் அது அமைதியிழந்து உடலைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கிரிப்டோக்ரோம் 2 என்னும் புரதத்துக்குரிய மரபணுவின் செயலை அடக்கியபோது அந்த எதிர்வினை நின்றுவிட்டது என்று 2016இல் காட்டினார்கள். ஆக, உடலில் காந்தத் துகள் இருக்கிறது. காந்தத்தை உணரும் திறனும் இருக்கிறது. ஆனால் உணர்வதோ வேறொன்றால். இரும்பைக் கண்டதும் திசைகாட்டியைக் கண்டுவிட்டோம் என்று குதிக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்திவிட்டில் பதிலளிக்கிறார்:

கிரிப்டோக்ரோம் பற்றிய பேச்சு வந்ததால் ஒரு சிறு இணைப்பு. இது நீல ஒளியை உறிஞ்சும் புரதம். ஒளி பட்டதும் அதற்குள் இரு எலக்ட்ரான்கள் இணையாகப் பிரிந்து நிற்கின்றன. அவற்றின் சுழற்சி நிலை மெல்லிய காந்தப் புலத்தால்கூட மாறக்கூடியது, அதனால் வேதிவினையின் முடிவும் மாறக்கூடும் என்பது கோட்பாடு. இதற்கு இரும்பே தேவையில்லை. மொனார்க் வண்ணத்துப்பூச்சி புலக்கோட்டின் சாய்வைக் கொண்டு திசையறிகிறது, அதற்குப் புற ஊதாவை ஒட்டிய குறிப்பிட்ட ஒளி தேவைப்படுகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு இக்கோட்பாட்டோடு நன்றாகப் பொருந்துகிறது.

ஆயினும் இந்தப் பக்கமும் எல்லாம் உறுதியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பழ ஈயில் கிரிப்டோக்ரோம் வழியான காந்த உணர்வு இருப்பதாக 2008இல் வெளியான புகழ்பெற்ற முடிவை, 2023இல் 97,658 ஈக்களை வைத்து மீண்டும் சோதித்தவர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஆயிரம் கிலோமீட்டர்வரை இரவில் பறந்து மலைக்குகைகளைச் சேரும் போகாங் அந்துப்பூச்சி காந்தப் புலத்தையும் கண்ணில் படும் அடையாளங்களையும் சேர்த்தே பயன்படுத்துகிறது என்று 2018இல் தெரிந்தது. இரண்டும் முரண்படும்படி வைத்தால் அது சில நிமிடங்களில் குழம்பிவிடுகிறது. எனவே காந்தம் எதுவாயினும், அது பல குறிப்புகளில் ஒன்று. பூச்சி அதை மட்டும் நம்பிப் பறப்பதாக எண்ணுவது தவறு.

பாறைக்காந்தம் பதிலளிக்கிறார்:

ஐயவாதி அவர்களின் எச்சரிக்கை முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கரப்பானுக்குப் பொருந்துவது தேனீக்கும் பொருந்தும் என்று விடுவது அதே பிழையை மறுபக்கத்திலிருந்து செய்வதாகும். தேனீயின் வயிற்றிலிருந்து தலைக்குச் செல்லும் நரம்புத் தண்டைத் துண்டித்தபோது, காந்தக் குறிக்குப் பழக்கப்பட்ட தேனீக்கள் அதற்கு எதிர்வினை காட்டுவதை நிறுத்தின என்று 2016இல் தெரிவிக்கப்பட்டது. கண்ணிலிருக்கும் ஒளிப்புரதம் மட்டுமே உணர்வுக்குக் காரணமென்றால் வயிற்று நரம்பைத் துண்டிப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது? மறு ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், காந்த மாற்றமுள்ள இடத்தில் சர்க்கரைக் கரைசல் கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட தேனீக்களை வலிய காந்தத்தின் அருகில் வைத்து எடுத்தபின் அவை அந்தத் திறனை இழந்திருந்தன. மேலும் தேனீயால் வடமுனையையும் தென்முனையையும் பிரித்தறிய முடிகிறது. எலக்ட்ரான் இணைகளால் ஆன திசைகாட்டி புலக்கோட்டின் அச்சை மட்டுமே காட்டும். முனை எது என்று சொல்லாது. நிலைத்த காந்தத் துகளால்தான் அதைச் சொல்ல முடியும்.

ஐயவாதி பதிலளிக்கிறார்:

முனையைப் பிரித்தறியும் சான்று வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வலிய காந்தம் பட்டதும் திறன் போய்விட்டது என்பதில்தான் எனக்குத் தயக்கம். அதிர்ச்சியடைந்த பூச்சியும் கற்றதை மறந்து திரியும். நரம்பை அறுத்த பூச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு வழி பாக்டீரியாவிடமே இருக்கிறது. அதற்கு ஒரு குறுகிய, வலிய துடிப்பை அதன் சங்கிலியின் காந்தத் திசைக்கு நேரெதிராகக் கொடுத்தால் சங்கிலியின் முனைகள் இடம் மாறிவிடும்; வடக்கே நீந்திக்கொண்டிருந்தது அதன்பின் தெற்கே நீந்தும். அதே வலிமையுள்ள துடிப்பை அதே திசையில் கொடுத்தால் எதுவும் மாறாது. இரண்டு துடிப்புகளின் அதிர்ச்சியும் ஒன்றே, விளைவு மட்டும் வேறு. தேனீயையோ எறும்பையோ முதலில் ஒரு மெல்லிய புலத்தில் அதன் துகள்கள் ஒரு பக்கம் சாயும்படி நிறுத்தி, பாதிக்கு அத்திசையிலும் மீதிப் பாதிக்கு எதிர்த்திசையிலும் துடிப்பைக் கொடுத்து, எதனிடம் எது கொடுக்கப்பட்டது என்று அறியாத ஒருவர் அவற்றின் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாதி மட்டும் நேர் எதிர்த்திசைக்குத் திரும்பினால், உணர்கொம்பில் இருந்தது அழுக்கல்ல என்று நானே எறும்புப்புற்று அவர்களிடம் ஒப்புக்கொள்வேன்.